யார் எதைப் பார்ப்பது? பெண் பிள்ளைகள் குழுவின் தொண்டர் பொறுப்புகள்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு குழு தொடங்குவதாக முடிவெடுத்துவிட்டீர்கள். இடம் பார்த்தாயிற்று. பத்துப் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான குழுக்கள் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். கதவு திறப்பது, வரவு எழுதுவது, சந்தா வாங்குவது, பெற்றோருடன் கதைப்பது, முழங்கால் உரசலுக்கு மருந்து கட்டுவது, விளையாட்டு நடத்துவது எல்லாம் ஒரே ஆளின் தலையில் வந்து விடிகிறது. அநேகமாக அவர் ஓய்வு பெற்ற ஆசிரியையாக இருப்பார். இரண்டு வருடம் ஓடும். பிறகு கனடாவிலுள்ள மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று அவர் புறப்பட்டுப் போவார். குழுவும் அத்தோடு நின்றுவிடும். அந்தக் குழுவை நம்பிச் சனிக்கிழமை பின்னேரங்களுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்தான் பாவம்.

வேலைகளை எப்படிப் பிரிப்பது, யாரைப் பிடிப்பது, எந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுவது, எதை ஒருபோதும் ஒருவரிடம் மட்டும் விடக்கூடாது என்பவற்றை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

முன்மாதிரிக்குத் தூரம் போகத் தேவையில்லை. 1917இல் கண்டி மகளிர் உயர் பாடசாலையில் தொடங்கிய பெண் சாரணியம் நூறு வருடங்களைத் தாண்டி இன்னும் இந்த நாட்டில் நடக்கிறது. கலவரம், யுத்தம், ஊரடங்கு எல்லாவற்றையும் கடந்து அது நின்றதற்கு முக்கியமான காரணம், அதன் வேலைகள் பெயர் வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தமை என்றே நான் நினைக்கிறேன். ஒரு தலைவி போனால் அவருடைய கதிரை அப்படியே இருந்தது. அடுத்தவர் வந்து அமர்ந்தார். உங்கள் குழு சாரணியக் குழுவாக இருந்தாலும், கோயில் அறநெறிப் பாடசாலையோடு சேர்ந்ததாக இருந்தாலும், தேவாலய மண்டபத்தில் கூடுவதாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க: சாரணியர் என்ற பெயரையும் மூவிலைச் சின்னத்தையும் சீருடையையும் நாமாக எடுத்துப் பாவிக்க முடியாது. அந்த வழியில் போக விரும்பினால், கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள இலங்கை பெண் சாரணியர் சங்கத் தலைமையகத்தில் முதலில் கதையுங்கள். தலைவிகளுக்கான பயிற்சியும் பதிவும் அங்கிருந்தே தொடங்கும். உங்கள் பிள்ளை படிக்கும் பாடசாலையில் ஏற்கெனவே சாரணியர் குழு இருந்தால் புதிதாக ஒன்று தொடங்க வேண்டாம். பொறுப்பாசிரியையிடம் போய், "மிஸ், எந்த வேலைக்கு ஆள் இல்லை?" என்று கேளுங்கள். கட்டாயம் ஒன்று இருக்கும்.

## வேலைப் பட்டியல் எழுதும் முறை

தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பதவியைத் தெரிவுசெய்து கைதட்டிக் கலையும் வழக்கம் நம் சங்கங்களில் உண்டு. பதவி நிரம்பிவிடும், வேலை அப்படியே கிடக்கும். இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. ஒரு கூட்டத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். மண்டபத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதில் தொடங்கி, கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்ததென்று செய்தி வருவது வரைக்கும் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்.
2. மாதத்துக்கொரு முறை வரும் வேலைகளை வேறொரு நிறத்தில் சேருங்கள்: சந்தாக் கணக்கு, மண்டபக் காசு, பெற்றோர் அறிவித்தல், மருந்துப் பெட்டி பார்ப்பது.
3. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "பெ" அல்லது "பி" என்று போடுங்கள். பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டியது "பெ". பிள்ளைகளால் செய்ய முடிந்தது "பி". சந்தேகமாக இருந்தால் "பி" போடுங்கள்.
4. "பெ" வரிகளை, ஒருவருக்கு மாதத்தில் ஐந்தாறு மணித்தியாலத்துக்கு மேல் போகாத சிறு கட்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டும் ஒரு பொறுப்பு.
5. ஒவ்வொரு பொறுப்புக்கும் அரைப்பக்கக் குறிப்பு எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது, யாருக்குச் சொல்ல வேண்டும், எத்தனை மாதத்துக்கு: இந்த நான்கும் போதும்.
6. இதற்குப் பிறகுதான் ஆளைத் தேட வேண்டும்.

குறிப்பு: காலவரையறையை மறக்காமல் எழுதுங்கள். "ஒரு வருடத்துக்கு" என்றால் ஆம் சொல்பவர்கள், முடிவு இல்லாத வேலைக்குத் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம்.

## பெரியவர்களின் பொறுப்புகள்

### தலைவியும் துணைத் தலைவியும்

நிகழ்ச்சி நிரலைப் பிள்ளைகளோடு சேர்ந்து போடுவதும், அன்றைய கூட்டத்தைக் கொண்டு நடத்துவதும் தலைவியின் வேலை. பாதுகாப்பில் கடைசிச் சொல் அவருடையது. துணைத் தலைவி, தலைவி வராத நாளில் எல்லாவற்றையும் தனியாக நடத்தக்கூடியவராக இருக்க வேண்டும். அதனால் மூன்று கூட்டத்துக்கு ஒன்றையாவது துணைத் தலைவியே நடத்தட்டும். தலைவி பின்னால் கதிரையில் இருந்து பார்க்கட்டும். இருவரும் ஒரே வீட்டாராக இல்லாவிட்டால் நல்லது. ஒரு வீட்டில் சாவு விழுந்தாலோ, டெங்குக் காய்ச்சல் வந்தாலோ இருவரும் ஒன்றாக நின்றுவிடுவார்கள்.

### வாசல் பொறுப்பாளர்

இந்தப் பொறுப்பை யாரும் பட்டியலில் போடுவதில்லை. எனக்கு இதுதான் குழுவின் மிக முக்கியமான பொறுப்பு. பிள்ளை எப்போது நம் கைக்கு வந்தாள், எப்போது யார் கைக்குப் போனாள் என்பதை அறிந்த ஒருவர் வாசலில் இருக்க வேண்டும்.

வாசலில் ஒரு சிறிய மேசை, ஒரு சி.ஆர். கொப்பி, நூலில் கட்டிய பேனை போதும். பக்கத்தில் ஐந்து நிரல்: பெயர், வந்த நேரம், கூட்டிப்போக அனுமதிக்கப்பட்டவர்கள், போன நேரம், கையொப்பம். மூன்றாவது நிரலைப் பெற்றோர் தந்த படிவத்தைப் பார்த்து முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். வெள்ளவத்தையில் தகப்பன் வெளிநாட்டில், தாய் வேலையில், கூட்டிப்போக வருவது அம்மம்மா அல்லது வழமையான ஓட்டோக்காரர் என்ற வீடுகள் நிறைய. ஓட்டோக்காரரின் பெயரும் வாகன இலக்கமும் பட்டியலில் இருக்கட்டும்.

பட்டியலில் இல்லாத ஒருவர் வந்தால் கதை இப்படிப் போகும்:

"நான் பிள்ளையின்ர மாமா. அக்கா சொல்லித்தான் வந்தனான்."

"சரி அண்ணா, இதில இருங்கோ. அம்மாவுக்கு ஒருக்கா எடுத்துக் கேட்டிட்டு அனுப்புறன்."

"என்ன, என்னில நம்பிக்கை இல்லையோ? பிள்ளையையே கேளுங்கோவன்."

"அப்பிடியில்லை அண்ணா. எல்லாருக்கும் இதுதான் முறை. என்ர புருஷன் வந்தாலும் கேட்டுத்தான் விடுவன்."

தொலைபேசியில் தாய் சரி என்று சொல்லும் வரை பிள்ளை உள்ளேயே இருக்க வேண்டும். "மாமாதான் மிஸ்" என்று பிள்ளை சொன்னாலும் அழைப்பை எடுத்தே ஆக வேண்டும். தாய் தொலைபேசியை எடுக்காவிட்டால் படிவத்திலுள்ள இரண்டாவது இலக்கம். அதுவும் இல்லாவிட்டால் காத்திருப்பது. கோபித்துக்கொள்ளும் மாமா அடுத்த கிழமை சமாதானமாகிவிடுவார். உறவுமுறையைக் காட்டி விதியைத் தளர்த்தச் சொல்வதை நம் ஊரில் மறுத்துச் சொல்வது கடினம். அதனால் குரல் தணிந்து, முகம் மலர்ந்து, ஆனால் அசையாமல் நிற்கத் தெரிந்தவரை இந்தப் பொறுப்புக்குத் தேடுங்கள்.

### பொருளாளர்

1. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு. யாருடைய சொந்தக் கணக்கிலும் ஒரு ரூபா கூட நிற்கக்கூடாது. யாப்பும் கூட்டத் தீர்மானத்தின் பிரதியும் வங்கி கேட்கும். முதல் கூட்டத்திலேயே இரண்டையும் எழுதி நிறைவேற்றி வையுங்கள்.
2. காசு எடுக்க இருவரின் கையொப்பம். அந்த இருவரும் உறவினராக இருக்கக்கூடாது.
3. சந்தா வாங்கினால் அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு. கார்பன் தாள் வைத்த பற்றுச்சீட்டுப் புத்தகம் எந்தக் காகிதாதிக் கடையிலும் கிடைக்கும்.
4. மாதக் கடைசியில் ஒரு பக்கக் கணக்கு. பெற்றோருக்குக் கேட்காமலே கொடுங்கள்.

சந்தா கட்ட முடியாத பிள்ளை யார் என்பது தலைவிக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பெயரை வாசித்து "நீங்கள் இன்னும் தரவில்லை" என்று சொல்லும் வழக்கம் குழுவுக்குள் வரவே கூடாது. அதைக் கேட்ட பிள்ளை அடுத்த கிழமை வரமாட்டாள், காரணமும் சொல்லமாட்டாள்.

குழு வளர்ந்து நன்கொடை வாங்கத் தொடங்கினால் பதிவு தேவைப்படும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்தின் கீழும், கொட்டாஞ்சேனை கொழும்பு பிரதேச செயலகத்தின் கீழும் வரும். அங்கே கேட்டால் உங்கள் அளவிலான அமைப்புக்கு எது பொருந்தும் என்று சொல்வார்கள்.

### முதலுதவிப் பொறுப்பாளர்

செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென் ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவிப் பயிற்சி எடுத்த ஒருவர். தாதியோ மருத்துவரோ கிடைத்தால் மெத்தச் சரி. ஆனால் அவர்கள் பணிமுறையில் இருக்கும் நாட்களுக்கு இரண்டாவது ஆளையும் பயிற்றுவித்து வையுங்கள்.

பெட்டியில் பஞ்சு, துணிக்கட்டு, பிளாஸ்டர், கிருமிநாசினி, கையுறை, கத்தரிக்கோல், ஜீவனி பக்கற் இருக்கட்டும். மாத்திரையைப் பெற்றோரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோடு பிள்ளை வந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கொழும்பில் மழைக்காலக் காய்ச்சல் எதையும் டெங்கு என்று சந்தேகித்தே பார்க்க வேண்டும். டெங்குவாக இருந்தால் அஸ்பிரின், இபுபுரோஃபன் வகை மருந்துகள் இரத்தக்கசிவைக் கூட்டும். "ஒரு குளிசை போட்டால் சரியாகிவிடும்" என்ற நல்ல மனம் இங்கே ஆபத்தில் முடியலாம்.

பெண் பிள்ளைகளின் குழுவில் இன்னொன்றும் இவருடைய பொறுப்பு. கழிப்பறை அலுமாரியில் ஒரு சிறிய சிப் பை. அதற்குள் நாலைந்து சானிட்டரி நாப்கின், சுற்றிப் போடப் பழைய பத்திரிகைத் தாள், ஒரு மாற்று உள்ளாடை. பக்கத்தில் மூடியுள்ள குப்பை வாளி. யாரிடமும் கேட்காமல் எடுக்கலாம் என்று முதல் நாளே எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொனியில், சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் பையைப் பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள். யார் எடுத்தது என்று விசாரிக்க வேண்டாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை கூட்டத்துக்குத் தொடர்ந்து வருவதும் வராமல் விடுவதும் பல நேரம் இப்படியான ஏற்பாட்டில்தான் தங்கியிருக்கிறது. கழிப்பறைக் கதவின் உள் கொண்டி வேலை செய்கிறதா என்பதையும் இவரே பார்க்கட்டும்.

### பெற்றோர் தொடர்பாளர்

அறிவித்தல் அனுப்புவதும் முறைப்பாடு கேட்பதும் இவர் வேலை. கொட்டாஞ்சேனையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழி மூலத்திலும் படிக்கும் பிள்ளைகள் ஒரே ஒழுங்கையில் இருப்பார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்து வாசிக்கச் சிரமப்படும் தாய்மாரும் இருக்கிறார்கள். எழுத்துச் செய்தியோடு ஒரு குரல் பதிவையும் அனுப்புங்கள். அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

பொருள் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். கயிறு, பந்து, பாய், கூடாரம் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல், ஒரு பூட்டு. இதற்குத் தகப்பன்மாரைக் கேளுங்கள்.

## பிள்ளைகளிடம் விட வேண்டியவை

சாரணியத்தின் உயிர் அணி முறையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களே தெரிவுசெய்யும் அணித் தலைவி ஒருத்தி, அவளுக்கு ஒரு துணை. அணித் தலைவிகள் எல்லோரும் தலைவியோடு உட்கார்ந்து அடுத்த மாதம் என்ன செய்வது என்று தீர்மானிப்பார்கள். உங்கள் குழுவின் பெயர் எதுவாக இருந்தாலும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு விடக்கூடியவை: விளையாட்டுத் தெரிவு, மண்டபம் கூட்டி அடுக்குவது, சிற்றுண்டி வாங்கும் பட்டியல், புதிதாக வந்தவளைக் கூட நின்று பழக்குவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, பெப்ரவரி 22 சாரணியரின் உலக சிந்தனை நாள் போன்ற நிகழ்ச்சிகளின் முழு ஏற்பாடு.

செய்யும் ஒழுங்கு:

1. முதல் மாதம் பெரியவர் செய்வதைப் பிள்ளை பார்க்கட்டும்.
2. இரண்டாம் மாதம் இருவரும் சேர்ந்து செய்யட்டும்.
3. மூன்றாம் மாதம் பிள்ளை செய்யட்டும். பெரியவர் அதே மண்டபத்தில் வேறு வேலை பார்க்கட்டும்.
4. பிழைத்தால் உடனே கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். கூட்டம் முடிந்த பிறகு, "அடுத்த முறை எப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறீர்?" என்று கேளுங்கள்.

ஐம்பது பணிஸ் வாங்க வேண்டிய இடத்தில் முப்பது வாங்கி வந்தால், பாதியாக வெட்டிப் பகிர்ந்து சாப்பிடலாம். அடுத்த முறை அந்த அணித் தலைவி தலையை எண்ணிவிட்டுத்தான் கடைக்குப் போவாள். நம் பெண் பிள்ளைகளுக்கு ரியூஷன் வகுப்புகள் நிறையக் கிடைக்கின்றன. தாங்களே தீர்மானித்து, தாங்களே கணக்குப் பார்த்து, தாங்களே திருத்திக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. பெரியவர்கள் பத்துப்பேர் சேர்ந்து அந்த இடத்தையும் நிரப்பிவிடக் கூடாது.

காசைச் சேர்த்து வைத்திருப்பது, வாசலில் பிள்ளையை ஒப்படைப்பது, மருந்து, ஒழுக்க விசாரணை: இந்த நான்கையும் எந்த வயதுப் பிள்ளையிடமும் விடக்கூடாது.

## ஆள் பிடிப்பது

எங்கே தேடுவது? உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் அக்காமார் இந்த நகரம் முழுக்க இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களிடம்தான் மனம்விட்டுக் கதைப்பார்கள். துணைப் பொறுப்புக் கொடுங்கள், தனிப் பொறுப்பு வேண்டாம். ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தர்களும் லிகிதர்களும் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பலர். கணக்குப் புத்தகத்துக்கு அவர்களை விடச் சரியான ஆள் கிடைக்காது. அயலில் நல்லாயன் கன்னியர் மடம், சைவ மங்கையர் வித்தியாலயம், புனித கிளேயர் கல்லூரி என்று பெண்கள் பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றின் பழைய மாணவியரில் சீருடை அணிந்து சாரணியராக இருந்தவர்களைத் தேடுங்கள். கூப்பிட ஆளில்லாமல் இருப்பார்கள்; கூப்பிட்டால் வருவார்கள்.

"யாராவது உதவி செய்யுங்கோ" என்று வட்ஸ்அப் குழுவில் போட்டால் கும்பிடும் கை அடையாளங்கள்தான் வரும். நேரில் போய், ஒருவரிடம், ஒரு வேலையைக் கேளுங்கள்: "அன்ரி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னிருந்து கடைசிப் பிள்ளை போகும் வரை வாசல் மேசையில் இருக்க வேணும். டிசம்பர் வரைக்கும்."

சம்மதித்தவரை உடனே பிள்ளைகளுக்கு நடுவில் விடவேண்டாம்:

1. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்தோடு ஒரு விண்ணப்பம்.
2. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ். இது அவர் அங்கே வசிப்பதையும் ஊரறிந்தவர் என்பதையும் மட்டும் காட்டும். இதோடு நின்றுவிடாதீர்கள்.
3. அவரைப் பிள்ளைகளோடு பழகிப் பார்த்த இருவரிடம் நீங்களே தொலைபேசியில் கதையுங்கள். இருவரில் ஒருவராவது உறவினர் அல்லாதவராக இருக்கட்டும். "உங்கட பிள்ளையை இவரோட விட்டிட்டுப் போவீங்களோ?" என்ற கேள்விக்கு வரும் மௌனத்தையும் கவனியுங்கள்.
4. குழுவின் பாதுகாப்பு விதிகளை வாசித்துக் கையொப்பம்.
5. மூன்று மாதம் பழகுநர். அந்தக் காலத்தில் எப்போதும் இன்னொரு பொறுப்பாளரின் பார்வைக்குள்.

சொந்தக்காரர், கோயில் தர்மகர்த்தா, பாதிரியாரின் தெரிந்தவர் என்று யாருக்கும் இந்த ஐந்தில் ஒன்றையும் தள்ளிவிடாதீர்கள்.

## பாதுகாப்பு விதிகள்

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் சிறுவர் என்பதே 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் கணக்கு. உங்கள் விதிகளும் அந்த வயது வரைக்கும் பொருந்தட்டும்.

- இரண்டு பெரியவர்கள் இல்லாமல் கூட்டம் இல்லை. ஒருவர் வராவிட்டால் கூட்டத்தை நிறுத்துங்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைகள் வாசலிலேயே பெற்றோர் வரும்வரை இருக்கட்டும்.
- பெரியவர் எவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது. தனியே கதைக்க வேண்டுமானால் கதவைத் திறந்து வைத்து, மற்றவர்கள் காணும் இடத்தில்.
- பிள்ளைக்குத் தனிப்பட்ட செய்தி அனுப்புவது கூடாது. பெற்றோரோ மற்றொரு பொறுப்பாளரோ இருக்கும் குழுவில் மட்டும்.
- பாடசாலைச் சீருடையும் முகமும் சேர்ந்து தெரியும் படங்களை முகநூலில் போடாதீர்கள். எந்தப் பிள்ளை, எந்தப் பாடசாலை, எத்தனை மணிக்கு எங்கே நிற்பாள் என்பதை அந்நியருக்கு நாமே அறிவித்ததாகிவிடும்.
- அவசர இலக்கங்களைச் சுவரில் ஒட்டுங்கள்: சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, சிறுவர் உதவி 1929, பெண்கள் உதவி 1938.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால்: குறுக்கே பேசாமல் கேளுங்கள். "ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீங்கள் சொன்னது நல்லது, உங்களில் பிழை இல்லை" என்று சொல்லுங்கள். அன்றே, அவள் பயன்படுத்திய சொற்களிலேயே எழுதி வைத்து, தலைவிக்குச் சொல்லி, 1929க்கு அழையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிப்பதும், இரு குடும்பத்தையும் இருத்திச் சமாதானம் பண்ணுவதும் நம் வேலை இல்லை. குடும்ப மானம் என்று சொல்லி மூடிவைக்கச் சொல்பவர் குழுவின் தூணாகவே இருந்தாலும் கேட்காதீர்கள்.

கடற்கரைக்குப் போவதானால்: வெள்ளவத்தையில் கடலுக்குப் போக ரயில் பாதையைக் கடந்தே ஆக வேண்டும். ஒரு பெரியவர் பாதைக்கு இப்பக்கம், மற்றவர் அப்பக்கம். இரு திசையும் பார்த்து, அணி அணியாக, தலை எண்ணிக் கடத்துங்கள். அலைச் சத்தத்தில் ரயில் வரும் சத்தம் கேட்காது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கால் நனைக்கவும் இறங்க வேண்டாம்.

மொட்டைமாடியில் கூடினால்: அடுக்குமாடிகளில் இலவசமாகக் கிடைப்பது அதுதான். சுற்றுச்சுவர் பிள்ளையின் நெஞ்சளவுக்காவது உயரமாக இருக்க வேண்டும். அதற்குக் குறைவானால் வேறிடம் பாருங்கள். பந்து விளையாட்டு அங்கே வேண்டாம்.

## ஒரு பின்னேரத்தின் ஒழுங்கு

ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் பூசையும் இருப்பதால் சனி பின்னேரம் பொருந்தும். கொழும்பில் பொழுது சாய்வது வருடம் முழுக்க ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில், ஐந்து மணிக்கு முடித்தால் வெளிச்சத்திலேயே வீடு போகலாம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு திறக்க வீட்டில் இருக்க வேண்டும். இன்னும் அரை மணி முன்னதாக முடியுங்கள். ஆடிவேல் விழாவில் காலி வீதி நெரிசலாக இருக்கும், கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா ஜூன் 13இல். இரண்டு நாட்களையும் வருடத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

1. 2.30: இரு பொறுப்பாளர்கள் வந்து மண்டபம், கழிப்பறை, தண்ணீர் பார்ப்பது.
2. 2.50: வாசல் மேசை தயார்.
3. 3.00: அணிகளாக நிற்பது, வரவு, அன்றைய அறிவித்தல்.
4. 3.15: முதலில் ஓடி விளையாடுவது. கிழமை முழுக்க வகுப்பில் இருந்த கால்கள்.
5. 3.45: அன்றைய வேலை. முடிச்சு, சமையல், பாட்டு, வரைபடம் எதுவானாலும் அணித் தலைவி நடத்த வேண்டும்.
6. 4.30: சிற்றுண்டி. ஒவ்வாமைப் பட்டியலை அணித் தலைவிகளும் அறிந்திருக்க வேண்டும். கச்சானும் இறாலும் முதலில் பார்க்க வேண்டியவை.
7. 4.45: துப்புரவு, அடுத்த கிழமைக்கான தீர்மானம்.
8. 5.00: வாசலில் ஒப்படைப்பு. கடைசிப் பிள்ளை போகும் வரை இரு பெரியவர்களும்.

## வழக்கமாக நடக்கும் பிழைகள்

பொறுப்பாளர்களின் சொந்தப் பிள்ளைகளே அணித் தலைவிகளாவது முதல் பிழை. தெரிவைப் பிள்ளைகளின் வாக்குக்கு விட்டால் தானாகத் தீரும். பரிசளிப்பு விழாவுக்கும் பிரதம விருந்தினருக்கும் வருடத்தில் பாதியைச் செலவழிப்பது இன்னொன்று. மேடை அலங்காரத்துக்குப் போகும் காசில் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு நாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போகலாம். சாதாரண தரப் பரீட்சை வருடம் வந்ததும் பிள்ளையை நிறுத்தும் பெற்றோரிடம் சண்டை பிடிக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு முறை வந்து போகும் வழியை வைத்துக்கொடுங்கள். பரீட்சை முடிந்ததும் திரும்பி வருவாள்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, களைத்துப்போன தொண்டரை யாரும் கவனிக்காதது. தொடர்ந்து இரு கூட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால் பெற்றோர் தொடர்பாளர் வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்து வரட்டும். குறை கேட்பதற்காக மட்டும். பொறுப்பைப் பாதியாக்கினால் அநேகர் நின்றுவிடமாட்டார்கள்.

## பொறுப்பைக் கைமாற்றுவது

நம்மவர்கள் இடம்பெயர்வார்கள். விசா வந்தால் ஒரு மாதத்துக்குள் போய்விடுவார்கள். அதனால் கைமாற்றும் முறையைப் பொறுப்பேற்கும் நாளிலேயே எழுதி வையுங்கள்:

1. போகிறவர் முடிந்தால் இரண்டு மாதத்துக்கு முன் அறிவிப்பது.
2. புதியவர் மூன்று கூட்டத்துக்குப் பக்கத்தில் நின்று பழகுவது. ஆள் பிடிப்பதில் சொன்ன ஐந்து படிச் சோதனை புதியவருக்கும் உண்டு.
3. அரைப்பக்கப் பொறுப்புக் குறிப்பைப் போகிறவரே திருத்தி எழுதுவது. காகிதத்தில் இல்லாத பல விஷயம் அவருக்குத்தான் தெரியும். எந்தப் பிள்ளைக்கு இருட்டுப் பயம், எந்தத் தாய் இரவு வேலை என்பவை வாய்ச்சொல்லாகவே போகட்டும், எழுத வேண்டாம்.
4. திறப்பு, பற்றுச்சீட்டுப் புத்தகம், படிவக் கோப்பு எல்லாம் எண்ணி ஒப்படைத்து இருவரும் கையொப்பமிடுவது. சொந்தத் தொலைபேசியில் இருக்கும் பிள்ளைகளின் படங்களையும் இலக்கங்களையும் அழிப்பதும் இதில் அடங்கும்.
5. பொருளாளர் மாறினால் வங்கியில் கையொப்பத்தை அந்தக் கிழமையே மாற்றுவது. விமானம் ஏறிய பிறகு இதைச் செய்ய முயன்றால் மண்டபக் காசு கட்டவும் வழியில்லாமல் மாதக்கணக்கில் நிற்க நேரிடும்.
6. கடைசிக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நேரே சொல்லி விடைபெறுவது. யாருக்கும் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். புதியவரை அணித் தலைவிகளே கூட்டிப்போய் மண்டபத்தைக் காட்டட்டும்.